ஆடலாம் என்று எழுதிக் கொடுத்த சீட்டு

ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தேன். கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் முதலுதவி அறை. இரண்டு கட்டில், ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், கண் கழுவும் குழாய், மருந்து அலமாரி. டாக்டர் திங்களும் வியாழனும் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் நான்தான்.

அங்கே விரலில் ஒரு கீறல் விழுந்தால்கூட சேஃப்டி ஆபீஸர் வந்துவிடுவார். எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், கையுறை போட்டிருந்தாரா, சரியாகத் தூங்கினாரா என்று கேட்டு எழுதிக்கொள்வார். இரண்டு நாளில் அந்த மெஷினுக்கு ஒரு தடுப்புத் தகடு வந்திருக்கும். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அதற்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் பிரஸ்ஸில் விரல்களைக் கொடுத்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அந்தத் தகட்டின் அருமை எனக்குத் தெரியும்.

அதே கம்பெனிக்கு ஒரு கபடி டீம் இருந்தது. பன்னிரண்டு பேர். ஆபரேட்டர் என்று ஏட்டில் பெயர், ஆனால் வேலைக்கு எடுத்ததே ஆடுவதற்காகத்தான். காலையில் நாலு மணி நேரம் பேக்கிங் லைனில் நிற்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் மேட் விரித்துப் பயிற்சி. வெளியூர்ப் போட்டிகளில் கம்பெனி பெயர் போட்ட பனியனோடு இறங்குவார்கள். ஜெயித்து வந்தால் கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி.

என் அறைக்கு அதிகம் வந்தவர்கள் அவர்கள்தான். கணுக்கால் பிசகு, தோள்பட்டை இறங்கியது, விரல் மடங்கியது, உதடு கிழிந்தது. யாருக்கும் விபத்துப் படிவம் கிடையாது. ஒருமுறை சேஃப்டி ஆபீஸரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், ஹெல்மெட் இல்லாமல் எம்.டி.யையே உள்ளே விடாதவர்.

"அது ஹெச்.ஆர். கீழ வருது சிஸ்டர். ஆட்டத்துல படறது விபத்து இல்ல. அத நான் எழுத ஆரம்பிச்சா நம்ம போர்டு என்னாவறது?" என்றார்.

விபத்தில்லாத நாட்களின் கணக்கை எழுதி கேட்டருகே வைத்திருந்த பலகையைத்தான் சொன்னார்.

நான் தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். யாரும் கேட்டுப் போடவில்லை. யாருக்கு, எந்த இடத்தில், எப்படி அடிபட்டது என்று எழுதி வந்தேன். ஆறேழு மாதத்தில் ஒன்று புலப்பட்டது. கணுக்கால் பிசகியவர்கள் எல்லோரும் "மேட் ஜாயின்ட்ல கால் மாட்டிக்கிச்சு" என்றே சொல்லியிருந்தார்கள். ஒருநாள் மதியம் நானே போய்ப் பார்த்தேன். கீழே ஜல்லி. அதன் மேல் போட்ட மேட், சேரும் இடங்களில் வாய் பிளந்து கிடந்தது. தோள்பட்டைக் காயங்களோ பெரும்பாலும் வெள்ளி, சனிக்கிழமைகளில். வாரம் முழுக்க அட்டைப்பெட்டி தூக்கிய பிறகு.

கோச்சிடம் நோட்டைக் காட்டினேன். அவர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். அந்தக் காலத்தில் நன்றாக ஆடியவராம். இப்போது இடது முட்டி மடங்காது. தரையில் உட்கார முடியாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கூடவே தூக்கிக்கொண்டு திரிவார். நோட்டை நிதானமாகப் புரட்டினார்.

"என் முட்டி போனப்ப இப்டி ஒருத்தரும் எழுதல சிஸ்டர்," என்றார். கொஞ்சம் கழித்து, "எழுதி இருந்தா மட்டும் என்ன, நான் ஆடித்தான் இருப்பன்," என்றார்.

அவரும் நானும் சேர்ந்து ஹெச்.ஆர். மேனேஜரிடம் போனோம். ஜல்லியை வாரிவிட்டு மண் கொட்டினார்கள். மேட்டின் இணைப்புகளில் பட்டை டேப் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை லைன் வேலை வேண்டாம் என்று ஆயிற்று. கணுக்கால்காரர்கள் வருவது உண்மையிலேயே குறைந்தது. எனக்கு அதில் பெருமை இருந்தது. சர்ச்சில் பூசைக்குப் போனால்கூட அதை நினைத்துக்கொண்டிருப்பேன். அடுத்ததாக, வாரத்தில் மூன்று நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். ஒரு வருடம் இழுத்தடித்து, ஒரு மார்ச் மாதம் சரி என்றார்கள். அந்த வாரத்தில்தான் கல்லாவிக்காரர் விழுந்தார்.

எங்கள் டீமின் ரெய்டர் அவர். எதிர்ப்பக்கம் பாடிப் போய்த் தொட்டு வருகிறவர். ஊத்தங்கரை பக்கம் கல்லாவியில் வீடு. கடலை போடுகிற குடும்பம். இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, "கல்லாவி" தான். அதிகம் பேசமாட்டார். என் அறைக்கு வந்தால் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வருவார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி இருக்கும். இரண்டு பேர் அவரைத் தோளில் தாங்கி அழைத்து வந்தார்கள். பயிற்சியில் ஒருவர் முட்டி அவர் பொட்டில் பட்டுவிட்டதாம். சில நொடி கண் திறக்கவில்லையாம். கட்டிலில் உட்கார வைத்தேன். என்னைப் பார்த்து, "என்னாச்சு சிஸ்டர்?" என்றார். சொன்னேன். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும், "என்னாச்சு சிஸ்டர்?" ஐந்து தடவை கேட்டார். பிறகு வாந்தி எடுத்தார். அன்று முதல்முறையாகச் செருப்போடு உள்ளே வந்திருந்தார்.

எல்லாவற்றையும் டிரஸ்ஸிங் ரிஜிஸ்டரில் எழுதினேன். நேரம், எப்படி அடிபட்டது, வாந்தி, கேட்டதையே கேட்பது. பிறகு கம்பெனி வண்டியில் ஸ்கேனுக்கு அனுப்பினேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன்.

"ஸ்கேன் நார்மலா இருந்தாலும் மூளை குலுங்கி இருக்கு சிஸ்டர். ரெண்டு வாரம் ஆட்டம் கூடாது. அது ஆறாம இன்னொரு அடி பட்டா ரொம்ப மோசம். வியாழக்கிழமை நான் வர முடியாது, திங்கக்கிழமை வந்து பாக்கறேன்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பர்கூர் பக்கம் பெரிய போட்டி.

காயத்துக்குப் பிறகு ஆடவோ லைனில் நிற்கவோ போக வேண்டுமானால் என் அறையிலிருந்து ஃபிட் ஸ்லிப் வேண்டும். உள்ளங்கை அளவுச் சீட்டு. அந்த வழக்கத்தை டீமுக்கும் கொண்டுவந்தது நான்தான். சாதாரணக் காயத்துக்கு நானே எழுதிக் கொடுக்கலாம், மற்றதற்கு டாக்டர்.

வெள்ளிக்கிழமை காலை ஹெச்.ஆர். மேனேஜர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஸ்கேன் நார்மல் இல்லீங்களா சிஸ்டர்?"

"நார்மல்தான் சார். ஆனா டாக்டர் ரெண்டு வாரம்னு சொல்லியிருக்காரு."

"அவரு போன்லதான சொன்னாரு. பாத்துச் சொல்லல. அந்தாளே நல்லா இருக்கறன்னு சொல்றாரு. நீங்க கேட்ட பிசியோ விஷயத்த மேல பேசித்தான் வாங்கிக் குடுத்தேன். டீமே இல்லாட்டி பிசியோ எதுக்குன்னு நாளைக்கிக் கேப்பாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதை மிரட்டல் என்று சொல்ல முடியாது.

மதியம் கோச் கல்லாவிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனூ ஆகல்லா சிஸ்டர். ஒண்ணும் ஆகாது. நம்ம பையன் கல்லு," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோச்சை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கல்லாவிக்காரரைத் தனியாகக் கேட்டேன்.

"உண்மையச் சொல்லு தம்பி. தலை வலிக்குதா?"

"இல்லீங் சிஸ்டர்."

"தூக்கம்?"

"நல்லா தூங்கறன்."

"இந்த வாரம் ஆடலைன்னா என்ன?"

அவர் கதவைப் பார்த்தார். "இந்த மாசம் என்து காண்ட்ராக்ட் முடியுதுங் சிஸ்டர். பெரிய மேட்ச்ல எறங்காதவன மறுபடி எடுக்க மாட்டாங்க. போன வருசம் நம்ம டீம்ல ஜவளகிரிக்காரரோட ஜோடியா ஆடுன ஒருத்தர் இருந்தாரே, தோள் எறங்கி ஒக்காந்தாரு, இப்ப எங்க இருக்கறாரு? எனுக்குத் தலவலி இல்லீங். நெசமா இல்ல."

பேசும்போது முழுக்க வலது கையை நெற்றிக்கு மேல் பிடித்திருந்தார், வெயிலில் நிற்கிறவர்போல. என் அறையில் வெயில் இல்லை. தலைக்கு மேல் ஒரு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதை நான் பார்த்தேன். தலையில் அடிபட்டவர்களுக்கு வெளிச்சம் கூசும் என்பது எனக்குப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்தது. பார்த்தும், சீட்டுப் புத்தகத்தை இழுத்து, 'ஆடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்று பலமுறை எனக்கே பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவருடைய பிழைப்பு, மேனேஜரின் சிரிப்பு, நான் ஒரு வருடம் போராடி வாங்கிய பிசியோ. எல்லாம் காரணம்தான். ஆனால் பேனா என் கையில் இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆட்டம். ஒரு பள்ளிக்கூட மைதானம். நானும் போயிருந்தேன். டீம் போகும் இடத்துக்கு முதலுதவிப் பெட்டியோடு யாராவது போக வேண்டும் என்று சொல்லி வைத்ததும் நான்தானே. கிரானைட் தூள் ஏறிய காற்று. மைதானத்தில் ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று விசாரித்தேன். "போன் பண்ணா வந்துரும்" என்றார்கள். ஸ்ட்ரெச்சர் இல்லை.

முதல் பாதியில் அவர் நான்கு முறை பாடிப் போனார். இரண்டு முறை தொட்டுவிட்டு வந்தார். வழக்கமான துள்ளல் இல்லை. இடைவேளையில் தண்ணீர் கொடுக்கும்போது, "எப்படி இருக்கு?" என்றேன். தலையை ஆட்டினார். கோச்சிடம் போய், "போதும், உக்கார வைங்க," என்றேன். "அஞ்சு நிமிசம் சிஸ்டர், ரெண்டு பாயின்ட்தான் பின்னால இருக்கறோம்," என்றார்.

இரண்டாம் பாதியில் விழுந்த அடி பெரிய அடியே இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் யாருக்கும் புரிய வைக்க முடியவில்லை. எதிர் டீமில் ஒருவர் அவர் கணுக்காலைப் பிடித்தார். இன்னும் இருவர் மேலே விழுந்தார்கள். யாரோ ஒருவரின் தோளில் தலை இடித்தது. கபடியில் ஒரு நாளைக்கு இருபது தடவை நடப்பது. எழுந்தார். பனியனைத் தட்டிக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் வராமல், எதிர் அணி ஆட்கள் நிற்கும் இடத்துக்குப் போய் அவர்களோடு வரிசையில் நின்றார்.

கூட்டம் சிரித்தது. எதிர் டீம்காரர் ஒருவர் அவர் தோளில் கைபோட்டு, "அண்ணா, ஒங்க சைடு அது," என்று திருப்பிவிட்டார். கல்லாவிக்காரர் ஒரு எட்டு வைத்தார். அடுத்த எட்டில் முட்டி மடங்கி, முகம் குப்புற விழுந்தார்.

நான் ஓடிப்போய்ப் புரட்டியபோது ஒரு கண்ணின் பாப்பா விரிந்திருந்தது. மற்றது அப்படி இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த மைதானத்தில் நான்தான். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல், ஒரு மர பெஞ்சைக் கவிழ்த்து, அதில் அவரைக் கட்டி, கம்பெனி வேனில் ஏற்றினோம். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு நான் வேன் தரையில் மண்டியிட்டிருந்தேன். கிருஷ்ணகிரியில் பார்த்துவிட்டு உடனே பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் ஓசூரைத் தாண்டும்போது கம்பெனி கேட் ஜன்னலில் தெரிந்து போயிற்று.

பெங்களூரு ஆஸ்பத்திரியில் ஒரு ஊழியர் வெளியே வந்து, "பேஷன்ட் கடெயவரு யாரு?" என்று கேட்டார், நோயாளியின் ஆட்கள் யார் என்று. அவர் மனைவி கல்லாவியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. கோச் நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து, மடங்காத காலை நீட்டி நின்றிருந்தார். "நாவே," என்றார் அவர். நாங்கள்தான் என்று. மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். இருபது நாளுக்கு மேல் ஐ.சி.யு.வில் இருந்தார். உயிர் இருந்தது. வலது கையும் காலும் பழையபடி வரவில்லை. பேச்சு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பதுபோல ஆனது.

அதன் பிறகு காகிதங்கள் தொடங்கின. கம்பெனி தரப்பில், அவர் ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போனது வேலை அல்ல, விருப்பத்தின் பேரில் போனது என்றார்கள். முதல் அடி பட்டது செவ்வாய்க்கிழமை, கம்பெனி வளாகத்துக்குள், வேலை நேரத்தில் என்பது என் ரிஜிஸ்டரில் மட்டும்தான் இருந்தது. ஹெச்.ஆர். மேனேஜர் இந்த முறை உட்கார்ந்து பேசினார்.

"சிஸ்டர், அந்த செவ்வாக்கிழமை பக்கம் கொஞ்சம் கசமுசான்னு இருக்குது. புது ரிஜிஸ்டர்ல அழகா எழுதிக் குடுத்துருங்க. தலவலின்னு வந்தாரு, மாத்திரை குடுத்தேன். அவ்ளோ போதும்."

"வாந்தி எடுத்தாரு சார்."

"நீங்கதான் ஃபிட் குடுத்தீங்க. ஞாபகம் இருக்கட்டும். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பக்கம் இல்லாமல் போனால் என் சீட்டும் தப்பில்லாததாகிவிடும். தலைவலி என்று வந்தவர், சரியானார், அனுப்பினேன். இரண்டு நாள் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டேன். ரிஜிஸ்டரை அலமாரியில் பூட்டினேன்.

விசாரணைக்கு அரசு அதிகாரி ஒருவர் வந்தார். ரிஜிஸ்டரைக் கொடுத்தேன். என் நோட்டையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இவ்வளவு தெரிஞ்சும் ஃபிட் ஸ்லிப் யார் குடுத்தது?" என்றார்.

"நான்தான் சார்."

"டாக்டர் வேண்டாம்னு சொன்னப்புறமா?"

"ஆமா சார்."

அவர் எழுதிக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வேலையில் பட்ட காயம் என்று கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். அது அந்தப் பக்கத்தால் நடந்தது. ஆனால் கம்பெனி அதே வாக்குமூலத்தை வைத்து எனக்கு மெமோ கொடுத்தது: டாக்டரின் சொல்லை மீறி, அதிகாரம் இல்லாமல் சான்று கொடுத்த நர்ஸால் நடந்த தவறு. மேனேஜர் வந்ததும் பேசியதும் எந்தக் காகிதத்திலும் இல்லை. கோச்சைக் கேட்டபோது, தனக்கு மருத்துவம் தெரியாது, சிஸ்டர் சீட்டைப் பார்த்துத்தான் இறக்கினேன் என்று சொன்னாராம். அதுவும் பொய் இல்லை. நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டீமைக் கலைத்தார்கள். இனிமேல் விளையாட்டில் யாருக்கும் அடிபடக் கூடாது என்பதற்காக எடுத்த பாதுகாப்பு நடவடிக்கை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்களாம். ஒட்டியது சேஃப்டி ஆபீஸர். ஆடியவர்களின் காண்ட்ராக்ட் ஒவ்வொன்றாக முடிந்தது, மறுபடி யாரையும் எடுக்கவில்லை. பிசியோ வரவே இல்லை.

ஜவளகிரியிலிருந்து வந்து ஆடியவர் ஒரு நாள் போன் செய்தார். சண்டைக்கு வரவில்லை, குரல் அமைதியாகத்தான் இருந்தது.

"சிஸ்டர், நீங்க நெசத்தச் சொன்னீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. செரிதான். ஆனா பதினோரு பேரு வீட்ல ஒக்காந்து இருக்கறோம். எங்களுக்கு ஆட்டத்தத் தவிர எதுவும் தெரியாதுங். ஆடறத நிறுத்துன்னா நாங்க கேட்டோம்? பத்திரமா ஆட உடுங்கன்னுதான கேட்டோம்."

"நானும் அதைத்தான்பா கேட்டேன்."

"தெரியும் சிஸ்டர்," என்றார். அவர்தான் போனை வைத்தார்.

போன தை மாதம் கல்லாவிக்குப் போனேன். அதுவரை போகத் துணிவில்லை. ஊருக்குக் கொஞ்சம் வெளியே, கடலைக் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. அவர் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். உட்கார வைத்தேன். மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசற்படியில் அமர்ந்தார். மெலிந்த பெண். பெங்களூரு ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கூட இருந்ததால்தான் உயிரோடு வந்து சேர்ந்தார் என்று அழுதவர்.

அடிபட்ட அந்த வாரம் கல்லாவிக்காரர் நினைவில் இல்லை. செவ்வாயும் இல்லை, ஞாயிறும் இல்லை. அதை அவர் யாரிடமோ கேட்டு நிரப்பிக்கொண்டே இருக்கிறார்போலும்.

"சிஸ்டர்," என்றார். நான் காத்திருந்தேன். "நான்... தலவலி... இல்லன்னு... சொன்னனா?"

"சொன்னீங்க."

அவர் முகம் தெளிந்தது. மனைவியைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோலத் தலையசைத்தார். தப்பு தன்னுடையதுதான் என்று இத்தனை மாதமாகச் சொல்லிவந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். யாருக்கும் அதனால் நஷ்டமில்லை.

"சொன்னீங்க, ஆனா நான் நம்பல," என்றேன். "வெளிச்சம் கூசி கண்ண மறைச்சிகிட்டு நின்னீங்க. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன்."

அவருக்கு இது உள்ளே போய்ச் சேர நேரம் பிடித்தது. மனைவிக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

"தெரிஞ்சே போட்டீங்களாக்கா?" என்றார்.

"ஆமாம்மா."

மனைவி எழுந்தார். நான் பாதி குடித்து வைத்திருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு, குழந்தையையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அங்கே இருந்தவரை திரும்பி வரவில்லை.

கல்லாவிக்காரர் கையிலிருந்த சீப்பைக் கட்டிலில் வைத்தார். ஊத்தங்கரை பஸ்ஸுக்கு நேரமாகியது. கிளம்புகிறேன் என்று எழுந்ததும் அவரும் எழுந்தார். வேண்டாம் என்று சொல்லியும் ரோடுவரை கூட வந்தார். வலது காலை ஒரு அரைவட்டம் போட்டு வீசி வைத்து, நின்று, மறுபடி வீசி. பக்கத்தில் நடந்தேன். கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. பிடிக்கவில்லை.

பஸ் வந்ததும், "வரட்டுமா தம்பி?" என்றேன்.

அவர் சொல்லைத் தேடினார். உதடு அசைந்தது. கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.